அத்தானின் கீழ்ப்பல் செட்

என் அக்கா வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். நாற்பது வருடமாக அதே வேலை. எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "வாஷர்காரர்" என்று கேட்டால் சின்னக் குழந்தை கூட வழி காட்டும். எங்கே ஒழுகினாலும் அவர் முதலில் சொல்வது "வாஷர் போயிருக்கும்" என்பதுதான். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். பத்தாவது முறை சுவரை உடைக்க வேண்டிவரும். அப்போதும் வாஷரைத்தான் குறை சொல்வார்.

நான் அதே தெருவில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அவர் எனக்கு அத்தான், நான் அவருக்கு மாப்ளே. இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் வாக்குவாதம் செய்யாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல மனிதர், ஆனால் வறட்டுக் கௌரவம். யாராவது போன் செய்து "வாஷர் மட்டும் மாத்தணும்" என்றால் போவார், மாற்றுவார், பிறகு ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் வருவார். "இத்தனூண்டு ரப்பரை மாத்த ஒரு ஆளைக் கூப்பிடணுமா? கை எதுக்கு இருக்கு?" இப்படி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு எங்கள் வட்டாரத்தில் இல்லை. திட்டு வாங்கினவர்களே மறுபடியும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை அவ்வளவு சுத்தம்.

அவருடைய பல் போனதற்கும் வேலைதான் பாதிக் காரணம். குழாயின் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பைப் பல்லால் அறுக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் பல பேருக்கு உண்டு. ஒரு கையில் குழாய், மறு கையில் டேப், கத்தரிக்கோல் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பசை டியூபின் மூடியையும் அவர் பல்லால்தான் திருகுவார். ஈறில் ரத்தம் வந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, அதோடு சரி. ஐம்பது வயதுக்குள் கடைவாய் காலியாகிவிட்டது. மிச்சமிருந்த முன்பற்களை ஒரு பைப் ரெஞ்சு பார்த்துக்கொண்டது. துருப்பிடித்த இணைப்பு ஒன்றை முழு பலத்தோடு இழுத்தபோது ரெஞ்சு வழுக்கி நேராகத் தாடையில் இறங்கியது. ஐம்பத்தாறு வயதில் இரண்டு வரிசையும் செட்டாகிவிட்டது.

மேல் செட் தொல்லை கொடுக்கவில்லை; அண்ணத்தோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. வம்பெல்லாம் கீழ் செட்டால்தான். கீழே ஒட்டிக்கொள்ள அண்ணம் கிடையாது, போதாததற்கு நாக்கு வேறு ஓயாமல் அதை இடித்துக்கொண்டிருக்கும். பேசினால் மிதக்கும், மென்றால் நகரும். அத்தான் தாடையை இறுக்கிக்கொண்டே பேசப் பழகினார். பார்க்கிறவர்களுக்கு அவர் எப்போதும் யார் மேலோ கோபமாக இருப்பது போலத் தெரியும். பாதி நாள் உண்மையாகவே கோபமாகத்தான் இருந்தார் என்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் உற்சாகமாக ஒரு கதை சொன்னார்: யாரோ ஒரு வீட்டில் மாடித் தொட்டி நிரம்பி வழிய, வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்த கதை. கதையின் முடிவில் அவரே வாய்விட்டுச் சிரித்தார். கீழ் செட் நழுவி எதிரிலிருந்த சூப்புக் கிண்ணத்தில் விழுந்தது. அந்த மேஜையில் முதலில் சிரித்தவன் நான். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தான் கரண்டியால் செட்டை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். என் மகள் கல்யாணம் அதனால் நிற்கவில்லை. அத்தான்தான் மறுநாளிலிருந்து மேஜைக்கு வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. சுவர் நெடுக அளவுவாரியாகக் குழாய்கள், சின்னச் சின்ன இழுப்பறைகளில் வளையங்கள், நடுவில் இரும்புப் பிடிகருவி பொருத்திய மரப்பலகை. அந்தப் பலகையின் ஓரத்தில் தட்டை வைத்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஈறால் மசித்துச் சாப்பிடுவார். மதியமும் அங்கேதான், ராத்திரியும் அங்கேதான். ஆறு வருடம் இப்படிப் போனது.

இதில் அடி வாங்கினது அக்கா. பையன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான். வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அத்தானுக்கு வருகிற போனையெல்லாம் அக்காதான் எடுப்பாள், யார் வீட்டில் என்ன ஒழுகுகிறது என்று நோட்டில் குறிப்பாள். அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடும்போது மிச்சக் கதையைச் சொல்வார். யார் வீட்டில் மாமியாருக்குத் தனிக் குளியலறை, எந்தப் பெரிய மனிதர் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஒரு வாரப் பாத்திரம், எல்லாம் வரும். ஊர் வம்பு முழுக்க அந்த மேஜைக்கு வந்து சேர்ந்துவிடும். வேறு நேரங்களில் அத்தான் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பாடு கொட்டகைக்குப் போனதும் பேச்சும் நின்றுபோனது. அக்கா ரேடியோவைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள்.

ஒரு தடவை அவளுக்கே பல்வலி வந்து டாக்டரிடம் போனாள். அங்கே மேஜை மேல் ஒரு மாதிரித் தாடை இருந்ததாம். கீழ்த்தாடை எலும்பில் முன்பக்கம் இரண்டு சின்ன உலோகத் திருகுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குண்டு. பல் செட்டின் அடியில் அந்தக் குண்டுகள் போய் உட்காருவதற்கு இரண்டு குழிவான மூடிகள். அமுக்கினால் சட்டைப் பொத்தான் போலப் பிடித்துக்கொள்கிறது, இழுத்தால் கழன்று வருகிறது. அக்கா தன் பல்வலியை மறந்துவிட்டு அதை நாலைந்து தடவை கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறாள்.

அவள் திரும்பி வந்தபோது நானும் அத்தானோடு கொட்டகையில் இருந்தேன். நேராக அங்கே வந்தாள்.

"எனக்குப் பல்லு இருக்கிற புருஷன் வேணும்னு நான் கேக்கலைங்க. எதிர்ல உக்காந்து சாப்பிடற புருஷன் வேணும். அந்த ஸ்குரூ வச்ச செட்டைப் போட்டா உக்காருவீங்கன்னா போட்டுக்கோங்க. இல்லன்னா இப்படியே வந்து உக்காருங்க. ரெண்டுல ஒண்ணு நடந்தாகணும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குழாய்களைப் பார்த்தேன்.

"சரி, அந்த டாக்டரைப் போய்ப் பாப்போம்" என்றார்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அத்தான் அவரை வேலைக்குச் சேர்க்கப் போகிறவர் மாதிரி கேள்வி கேட்டார். திருகு என்ன உலோகம், மரை எவ்வளவு ஆழம், எலும்பு பிடிக்க எத்தனை நாள். டைட்டானியம், எலும்பு அதை இறுக்கிப் பிடிக்க மூன்று மாதம் என்று டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். செட்டைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும், தூங்கும்போது தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், குண்டுகளைச் சுற்றி ஈறை மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அத்தான் தலையாட்டினார். மூடிக்குள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதுதான் குண்டைக் கவ்விப் பிடிக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ரப்பர் வளையமா? அப்ப இது நம்ம வேலைதான் மாப்ளே."

"இல்லைங்க ஐயா, இது என் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வளையம் தேஞ்சு போகும். மாத்தறது அஞ்சு நிமிஷம். செட்டு ஆடற மாதிரி தெரிஞ்சா நேரா இங்க வந்துடுங்க" என்றார் டாக்டர்.

திருகு வைத்து, ஆறி, செட் மாட்டி முடிய நாலு மாதம் ஆனது. முதல் நாள் மதியம் அக்கா மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். அத்தான் வந்து உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியின் ஓரத்தைக் கடித்தார். செட் அசையவில்லை. பிறகு ஒரு ஆப்பிளை, நறுக்காமல், முழுசாக. மென்றுகொண்டே அன்று காலையில் போய்வந்த வீட்டைப் பற்றி ஆரம்பித்தார். ஆறு வருடத்துக் கதை பாக்கி இருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவே மாலை டீ நேரம் ஆகிவிட்டதாம். மறுநாள் அக்கா கடைக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். சூப்புக் கிண்ணத்தின் பாவம் கொஞ்சம் கழிந்தது போல எனக்கு இருந்தது.

ஒரு வருடமும் சில மாதங்களும் நன்றாக ஓடின.

பிறகு ஒரு நாள் அத்தான் என் கடைக்கு வந்து, இழுப்பறையைத் தானே திறந்து, சின்னக் குழாய்த் தண்டுக்குப் போடுகிற கறுப்பு வளையங்களில் இரண்டைப் பொறுக்கினார். விரலில் வைத்து அமுக்கிப் பார்த்தார், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"எந்த வீட்டுக்கு அத்தான்?"

"ஒரு பழைய வீடு" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். பின்னால்தான் விஷயம் தெரிந்தது. செட் லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் சொன்னதுதான், வளையம் தேய்ந்துவிட்டது. போயிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் வாஷர் மாற்ற ஆள் கூப்பிட்டதற்காக ஊரையே திட்டினவர், தன்னுடைய வாஷரை மாற்ற இன்னொருவரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு உட்காருவதா? கொட்டகையில் உட்கார்ந்து, ஊசியால் பழைய வளையங்களை நெம்பி எடுத்துவிட்டு, என் கடைச் சரக்கைத் திணித்தார். அது தடிமன் அதிகம், ரப்பரும் கெட்டி. போதாக்குறைக்கு, இறுக்கமாக இருக்கட்டும் என்று வெள்ளை டேப்பை வேறு இரண்டு சுற்று சுற்றியிருக்கிறார். விரலால் அமுக்கினால் உட்காரவில்லை. சுத்தியலின் மரப்பிடியைக் குறுக்கே வைத்துக் கடித்தார். உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அன்றைக்கே கழற்ற முயன்றார், வரவில்லை. முதலில் அவருக்கு அது பெருமையாகவே இருந்தது. அவர் போட்ட எந்த இணைப்பு கழன்றிருக்கிறது, இது கழல? வேகவைத்த சோளத்தைக் கதிரோடு கடித்துத் தின்று அக்காவுக்கு வேடிக்கை காட்டினார். செட்டுக்கு மேலேயே பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டார். இரண்டு வாரம் போனது. அடியில் சிக்கினதெல்லாம் அங்கேயே தங்கிவிட, ஈறு வீங்கியது. மூன்றாவது வாரம் தானே மூக்கைச் சுளிக்கிற அளவுக்கு வாய் நாற்றமெடுத்தது. அவசர வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் அக்கா கடைக்கு வந்தாள். கடையில் ஆள் இருந்ததால் அவர்கள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஏதாவது சொல்லிட்டேனாடா?"

"என்னக்கா?"

"மறுபடியும் அங்க போய் உக்காந்துட்டாரு. கிட்டப் போனா முகத்தைத் திருப்பிக்கறாரு. முன்னாடி பல்லு மேல பழியைப் போட்டோம். இப்பத்தான் பல்லு இருக்கே. அப்ப என்னைத்தானே பிடிக்கல?"

என் அக்கா சாதாரணமாக இப்படிப் பேசுகிறவள் இல்லை. கடையை மூடிவிட்டு நேராகப் போனேன். அக்காவை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டுக் கொட்டகைக் கதவைத் தள்ளினேன்.

அத்தான் கையும் களவுமாக அகப்பட்டார். பலகையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார். கீழ்வரிசைப் பல்லைச் சுற்றி கெட்டியான நைலான் நூல் கட்டி, அதன் மறுமுனையைப் பிடிகருவியில் இறுக்கியிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாடையின் வலது பக்கம் வீங்கி மினுமினுத்தது. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நூலைக் கத்தரித்தேன்.

"என்னத்தான் இது?"

"வளையம் மாத்தினேன். கொஞ்சம் டைட்டாயிடுச்சு."

"எந்த வளையம்?"

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் புரிந்துபோனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பது வருடம் தொழில் பார்த்தவர், குழாய் வளையத்தை வாயில் போட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு போகவிட்டவன் நான்.

"அக்கா என்ன நெனச்சிக்கிட்டிருக்குன்னு தெரியுமா? தன்னைப் பிடிக்கலைன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. கடைக்கு வந்து அழாத குறை."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. வீக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுந்தார்.

"வண்டியை எடு மாப்ளே" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தானுக்குத் தாங்கியிருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன வெட்டுக் கருவியால் செட்டை மூடிகளைச் சுற்றி அறுத்து, துண்டாக எடுத்தார். கறுப்பு வளையத்தையும் கசங்கிய டேப்பையும் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்த டேப் எது என்று டாக்டர் கேட்கவே இல்லை, அவர் வீட்டுக் குழாயிலும் அதுதானே இருக்கும்.

"இடது பக்கத் திருகு தப்பிச்சிடுச்சு. வலது பக்கம் எலும்பு விட்டுடுச்சுங்க ஐயா. எடுத்துடணும். ஆறினப்புறம் வேற ஒண்ணு போடலாம், அதுவும் எலும்புல பிடிக்கணும். எப்படியும் ஏழு மாசம் ஆகும். அதுவரைக்கும் கீழ எதுவும் மாட்டக்கூடாது."

"பழைய செட்டையாவது..."

"எதுவும்னா எதுவும் கூடாது."

வழியெல்லாம் அத்தான் பஞ்சைக் கடித்துக்கொண்டே வந்தார். தெருமுனை வந்ததும், "ஏழு மாசத்துக்குக் கொட்டகையிலயே இருந்துக்கறேன். வேலை அதிகம்னு சொல்லிடு" என்றார். வாய் குழறியது. கீழுதடு உள்ளே மடிந்து, மோவாய் மூக்கை நோக்கி ஏறியிருந்தது. அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "நீங்களே சொல்லிக்கோங்க" என்றேன். எனக்குக் கோபம் போகவில்லை, அவர் மேலும் என் மேலும்.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் அறையில் அத்தான் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோதே நான் வெளியே வந்து போனில் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். அத்தான் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பக்கவாட்டில் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்க" என்றாள் அக்கா. "எங்க போறீங்க?"

அவர் கொட்டகையை நோக்கிக் கையை ஆட்டினார்.

"நான் பாக்கக்கூடாதுன்னுதானே? உங்க சாப்பாட்டு நேரத்துலதான் நான் தினமும் பின்னாடி துணி காயப்போடுவேன். அந்த மூலையில நின்னா ஜன்னல் வழியா நல்லாத் தெரியும். ஆறு வருஷமா உங்க பொக்கை வாயைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கிட்ட இருந்து பாத்தா மட்டும் என்ன ஆயிடும்?"

அத்தான் கைக்குட்டையை எடுக்கவில்லை. ஆனால் திரும்பி வீட்டுக்குள் போனார். எனக்கு அதற்கு மேல் அங்கே வேலை இல்லை.

அன்றிலிருந்து அவர் மேஜையில்தான் சாப்பிட்டார். முதல் ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கையை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டு சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தார். கதை சொல்ல அவருக்கு இரண்டு கையும் வேண்டும். மறைப்பதற்குக் கை மிஞ்சவில்லை. ஊர் வீடுகளில் வாஷர் மாற்றக் கூப்பிட்டவர்களைத் திட்டுவதும் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை.

ஏழாவது மாதம் முடிகிற சமயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்து வைத்திருந்த என் கடை எண்ணுக்கு டாக்டர் பேசினார். புதுத் திருகு நன்றாகப் பிடித்துவிட்டது, செட்டுக்கு அளவு எடுக்க வரச் சொல்லிப் பத்து நாள் ஆகிறது, ஐயா வரவே இல்லையே என்றார். நான் உடனே போனேன். அவர்கள் மேஜையில் இருந்தார்கள். அத்தான் யாரோ ஒருவர் குளிக்கும்போது தண்ணீர் நின்றுபோன கதையின் நடுவில் இருந்தார். நான் வந்ததையே கவனிக்காமல், வெறும் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"போலாம் மாப்ளே, என்ன அவசரம்? இப்படியே நல்லாத்தான் இருக்கு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"எனக்கு அவசரம்" என்றாள் அக்கா. கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏழு மாசமா நானும் மசிச்சதையேதான் தின்னுக்கிட்டிருக்கேன். எனக்குப் பல்லு முழுசா இருக்கு."

அத்தான் அவளுடைய தட்டைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். காய், கிழங்கு, பருப்பு எல்லாம் குழைய மசித்து, அவருடைய தட்டில் இருந்தது மாதிரியே.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையிலயே வரேன்னு சொல்லிடு மாப்ளே" என்றார்.